விளக்குக் கழுதையின் வேகம்

பல் செட் செய்கிறவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் பல்லவர். அரச வம்சம் எதனோடும் அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நகரத்தில் பாதிப் பேருடைய சிரிப்பு அவருடைய மேசையிலிருந்துதான் புறப்பட்டுப் போயிருந்தது. ஆகையால் அந்தப் பட்டம் வந்தது. அவரும் மறுக்காமல் அதை ஏற்றுக்கொண்டு ஆண்டுவந்தார்.

மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, அது இறுகியதும் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுவது அவர் தொழில். கடைசியில் உரசித் தேய்க்கும் கருவியை எடுத்தால், ஆயிரம் கொசுக்கள் ஒரே சுருதியில் கத்துவது போல இருக்கும். அந்தக் கத்தலை மிஞ்சக்கூடிய இசை எது என்று தேடப் போனவர், இளமையில் ஒருநாள் பிரிட்டனின் ஹெவி மெட்டலில் காலை விட்டார். பிறகு காலை எடுக்கவே இல்லை.

எல்லோருக்கும் தெரிந்த பெரிய குழுக்களோடு அவர் நின்றுவிடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டின் ஆலை ஊர்களிலும் துறைமுக ஊர்களிலும் தெருவுக்கொரு குழு முளைத்திருந்தது. பகலில் இரும்பு பற்றவைத்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் மாலையில் கிட்டாரைத் தூக்கினார்கள். முந்நூறோ ஐந்நூறோ இசைத்தட்டுகள் அச்சிட்டு, கச்சேரி வாசலிலேயே நின்று விற்று, பின்பு கல்யாணம், குழந்தை, வேலை என்று கலைந்து போனார்கள். புகழ் அவர்கள் பக்கம் தலையைத் திருப்பவில்லை. "திருப்பாதது புகழோட கழுத்துப் பிடிப்பு, பாட்டோட குற்றமில்ல" என்பது பல்லவரின் கட்சி.

இந்தக் கட்சிக்கு நகரத்தில் மொத்தம் நான்கு உறுப்பினர்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அவர்கள் சோபா தைக்கும் பட்டறையின் பின்னறையில் கூடினார்கள். பட்டறை நண்பர் ஒருவருடையது; அவருக்குச் சோபாக்காரர் என்றே பெயர். அந்த அறையைப் போல இசைக்கு ஏற்ற இடம் வேறில்லை. நான்கு சுவர்களிலும் பஞ்சுப் பலகைகள் அடுக்கியிருக்கும். எவ்வளவு சத்தம் வைத்தாலும் அடுத்த கடைக்குக் கசியாது. உட்காருவதற்கோ, துணி போர்த்தாத சோபாக்கள் ஏராளம். எதில் எந்த ஸ்பிரிங் குத்தும் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாமவர் அரசு மருத்துவமனை நர்ஸ். எந்தக் குழுவில் எந்த ஆண்டு யார் டிரம்ஸ் அடித்தார், அவருக்கும் கிட்டார்காரருக்கும் எதனால் மனக்கசப்பு வந்தது என்பதெல்லாம் அந்த அம்மையாருக்கு விரல் நுனியில். அவருக்கு அகராதி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்குரிய எல்லாக் குணங்களும் அவரிடம் இருந்தன.

நான்காமவர் பல்லவரின் மச்சான், அவருடைய மனைவிக்கு அண்ணன். அச்சகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் இயந்திரம் ஓட்டியவர். எதைக் கேட்டாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவதால் குழுவில் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். அவர் ஏன் அப்படித் தலையாட்டுகிறார் என்பது பல்லவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அச்சு இயந்திரம் அவருடைய காதிலிருந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டிருந்தது. பெண்களின் பேச்சு, குழந்தைகளின் பேச்சு, கிட்டாரின் உச்சிச் சுரங்கள், எல்லாம் நான்கைந்து ஆண்டுகளாக அவருக்குத் திரைக்கு அப்பால் நடப்பவை. காதில் வைக்கும் கருவி ஒன்று வாங்கியிருந்தார். பேச்சுக்கு அது உதவியது, பாட்டைத் தகரமாக்கியது. பிறருக்குத் தெரிந்தால் இரக்கப்படுவார்கள் என்று அதை மேசை இழுப்பறைக்குள் பூட்டிவிட்டு, ஞாயிறுதோறும் வந்து, ஸ்பிரிங் குத்தாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பெருந்தாளத்தை மட்டும் பாதத்தால் கேட்டுக்கொண்டு, "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

இப்படியிருக்க, ஒருநாள் பல்லவரிடம் பல் செட்டைச் சரிசெய்துகொள்ள வந்த முதியவர் ஒருவர், கப்பலில் எஞ்சின் பார்த்தவர், வேலை முடிந்ததும் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, நீங்க இந்த இரைச்சலைத்தானே கேக்கறீங்க? எந்தத் துறைமுகத்துலயோ எவனோ தலையில கட்டினது. வீட்டுக்காரி நாப்பது வருஷமா தூக்கிப் போடுங்கறா. நீங்க எடுத்துக்கிட்டா என் குடும்பம் உருப்படும்."

உள்ளே ஆறு தட்டுகள். டின் பிஷப், வின்டர் டிராம், இன்னும் மூன்று. பல்லவர் ஒன்றையும் கேள்விப்பட்டதில்லை. புதையல் எடுத்தவன் பூதத்துக்கு அஞ்சுவது போல அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டார். டின் பிஷப்பின் சிறிய தட்டில் தேவாலய ஆர்கன் வாசித்தார்கள். வாசித்தவர் பாதியில் தும்முவதும் பதிவாகியிருந்தது. வின்டர் டிராம் முழுத் தட்டிலும் வராத பேருந்தைப் பற்றியே பாடியது; கோபம் நியாயமானதாகவே பட்டது. ஆறாவது தட்டின் உறையில் விளக்கைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு கோவேறு கழுதை, பள்ளிப் பிள்ளை வரைந்தது போல. குழுவின் பெயர் லான்டர்ன் மியூல். அன்று முதல் வீட்டில் அது விளக்குக் கழுதை ஆயிற்று.

பல்லவரின் ரிக்கார்டு பிளேயர் பழையது. அதில் வேகத்தை மாற்ற வேண்டுமானால் மேல்தட்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டை விரலால் எடுத்து அடுத்த சக்கரத்தில் மாட்ட வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து அவர் ஒரு விதியை வைத்திருந்தார்: பெரிய தட்டு என்றால் மெது வேகம், சிறிய தட்டு என்றால் மட்டும் பெல்ட்டைத் தொடலாம். கழுதையின் தட்டு பெரியது. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. ஊசியை வைத்தார்.

அவர் அதுவரை கேட்டிராத ஒன்று புறப்பட்டது. கிட்டார், பாறையை இழுத்துக்கொண்டு மலை ஏறுவது போல வந்தது. டிரம்ஸ் அடிப்பவர் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே யோசிப்பதாகத் தோன்றியது. பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கரடி பேசுவதை ஒத்திருந்தது. எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்திருந்தார், தங்கை வீட்டில் தேநீர் குடிக்க. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"மாப்ள, என்ன இது?"

"புதுசு மச்சான். இங்கிலாந்துல எங்கயோ ஒரு..."

"பேசாதே."

பாட்டு முடிந்தது. மச்சான் கோப்பையைக் கீழே வைத்தார். தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.

"அவன் ஏதோ பாலத்தைப் பத்திப் பாடறான். பாலத்துக்கு அடியில தண்ணி ஏறுதுங்கறான். சரிதானே?"

பல்லவரின் மனைவி அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். அண்ணன் ஒரு பாட்டின் சொற்களைச் சொல்லி அவள் கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆயின.

"மறுபடி போடு," என்றார் மச்சான்.

அன்று நான்கு முறை போட்டார்கள். அதன் பின் வாரத்தில் மூன்று நாள் மாலையில் மச்சான் வந்தார். தங்கையை நலம் விசாரிப்பது போல ஒரு சொல். பிறகு நேரே கழுதை. ஒரு வாரம் கிட்டாரை மட்டும் கவனித்தார். அடுத்த வாரம் குரலை. முகத்தைச் சவரம் செய்துகொண்டு வரத் தொடங்கினார். ஒருநாள் கேட்டார்:

"மாப்ள, இந்த வருஷம் தேர்வு நாளுக்கு இதை நான் பேசட்டா?"

தேர்வு நாள் என்பது அந்த நால்வரின் ஆண்டுத் திருநாள். ஒவ்வொருவரும் மற்றவர் கேட்டிராத ஒரு தட்டைக் கொண்டுவந்து, முதலில் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசி, பிறகு ஒலிக்கவிட வேண்டும்; கடைசியில் சிறந்த தட்டுக்கு ஓட்டெடுப்பு. மச்சான் நான்கு ஆண்டுகளாக "எங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்று கழன்றுகொண்டிருந்தார்.

"நீங்கதான் பேசணும் மச்சான்," என்றார் பல்லவர். தமது முறைக்கு டின் பிஷப்பைத் தும்மலோடு எடுத்துப் போவதென்று முடிவாயிற்று.

மச்சானின் பேச்சுக்குச் செய்தி சேர்க்க வேண்டுமே என்று பல்லவர் ஒரு காரியம் செய்தார். உறையில் ஓர் ஊர்ப் பெயரும், பாடியவரின் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும் அச்சிட்டிருந்தன. அந்தப் பெயரையும் அந்த ஊரையும் கணினியில் தேடியதில் ஒரு செடி நாற்றுப் பண்ணையின் முகவரி கிடைத்தது. இருந்தாலும் இருக்கட்டும் என்று ஒரு மின்னஞ்சல் எழுதினார். 'ஐயா, தங்கள் குரலைக் கிணற்றுக் கரடிக்கு ஒப்பிடுகிறோம். இங்கே அது பெரும் புகழ்ச்சி' என்று அதில் ஒரு வரி.

தேர்வு நாளுக்கு மூன்று நாள் முன்பு, வியாழன் மாலை, பதில் வந்தது. அதைப் பல்லவர் தாளில் அச்சிட்டு மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

'அன்புள்ள நண்பரே, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் என் கணவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். நான் ஐயா அல்ல, அம்மா. அந்தத் தட்டில் பாடியபோது எனக்குப் பத்தொன்பது வயது. என் குரல் அவ்வளவு கீச்சென்று இருந்ததால் என் தாய் என்னை நிலக்கரிக் கொட்டகையில் போய்ப் பாடச் சொல்வாள். பாட்டு எட்டு நிமிடம் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஆறு நிமிடப் பாட்டு. தட்டு பெரிதுதான், ஆனால் சிறிய தட்டின் வேகத்தில் ஓட்ட வேண்டும். வேகத்தைக் குறிப்பிட மறந்துவிட்டோம். அதற்காக எங்கள் டிரம்ஸ்காரரை நாற்பது ஆண்டுகளாகத் திட்டிவருகிறேன்.'

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"ஏங்க, பொண்ணைப் போய்க் கரடின்னு எழுதியிருக்கீங்களே!"

"பாராட்டாத்தான் எழுதினேன்."

"என்னைக் கூட ஒருநாளும் இப்படிப் பாராட்டினதில்ல நீங்க. சரி, பெல்ட்டை மாத்துங்க. கேப்போம்."

மாற்றினார். ஊசியை வைத்தார். அறைக்குள் ஒரு பெண் கதவை உதைத்துக்கொண்டு நுழைந்தாள். பாறை எங்கே, மலை எங்கே! கிட்டார்கள் இரண்டும் தண்டவாளத்தில் தீப்பொறி பறக்க ஓடின. டிரம்ஸ்காரர் யோசிக்கவே இல்லை. அதற்கெல்லாம் மேலே அந்தக் குரல், புதிதாகத் தீட்டிய கத்தி காகிதத்தை அறுப்பது போலச் சுத்தமாக, அச்சமில்லாமல். பல்லவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வேறொரு குழுவைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அது, அதே தட்டிலிருந்து. ஆறு நிமிடம் முடிந்த பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது.

"அண்ணனுக்கு இது கேக்காதே," என்றாள் மனைவி.

ஒரு குன்றைப் பற்றி நத்தையும் சிட்டுக்குருவியும் பேசிக்கொண்டதாக ஒரு கதை சொல்லலாம். "அந்தக் குன்றா? மூன்று சிறகடியில் முடிந்துவிடும், உச்சியில் காற்று நன்றாயிருக்கும்" என்றது குருவி. "ஐயோ, அது ஒரு தேசம். அதன் வடக்குச் சரிவில் மட்டும் ஏழு வகைப் பாசி உண்டு, எட்டாவதைப் பார்க்க அடுத்த மழைக்குப் போகிறேன்" என்றது நத்தை. நீயே சொல் என்று இரண்டும் குன்றைக் கேட்டன. குன்று வாய் திறக்கவில்லை. கதையில் குன்று அப்படி இருந்துவிடலாம். பல்லவர் குன்று அல்லர். அவருக்கு மச்சான் இருந்தார்.

"சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"சொன்னா பேசவே மாட்டார். மறுபடி சாமி தலையாட்டப் போயிடும்."

"சொல்லாம அங்க போய் யாராவது கண்டுபிடிச்சா? உங்க அகராதி அம்மா சும்மா விடுவாங்களா?"

வெள்ளிக்கிழமை பல்லவர் சொல்லத்தான் போனார். மச்சான் அச்சகத்துக் காகிதக் கிடங்கில் இருந்தார். இப்போது அங்கே கணக்கெடுப்பு வேலை. காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு கட்டின் மேல் ஏறி நின்று, கையில் மூன்று பக்கத் தாளோடு, எதிரே இருந்த கட்டுகளைப் பார்த்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள! நல்ல நேரத்துல வந்தே. 'இவர்களுக்கு அவசரமே இல்லை'ன்னு தொடங்கவா, 'கழுதை என்று இகழாதீர்கள்'னு தொடங்கவா?"

பல்லவர் சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கழுதையே நல்லா இருக்கு மச்சான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

சனிக்கிழமையும் சொல்லவில்லை. ஒருவருடைய கடைவாய்ப் பல்லை இடம் மாற்றி நட்டுவிட்டு, அதைப் பிடுங்கி மறுபடி நட்டதோடு அந்த நாள் போயிற்று. ஆனால் ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்தார். பட்டறையின் பிளேயரில் வேகம் மாற்றும் குமிழ் ஒன்று இருக்கிறது; அது எப்போதும் மெது வேகத்திலேயே கிடக்கும். யாரும் தொடாவிட்டால் கழுதை கழுதையாகவே நடந்து போய்விடும். மச்சான் பேசிக் கைதட்டு வாங்கட்டும். உண்மையை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் என்பது கோழைகளின் சொந்த ஊர் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

ஞாயிறு மூவரும் பேருந்தில் போனார்கள். அண்ணன் பேசப்போவதைக் கேட்க மனைவியும் வந்தாள். வழி நெடுக அவள் கணவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சோபாக்காரர் அன்று புதுத் தோல் போர்த்திய மூன்று இருக்கை சோபாவை உள்ளே இழுத்துப் போட்டிருந்தார். "நாளைக்குக் காலையில கஸ்டமர் வந்து எடுத்துடுவாங்க. பிஸ்கட் தூளைக் கொட்டினா கொலைதான்," என்று வரவேற்றார்.

"பல்லவரே, பரிவாரத்தோட வந்திருக்கீங்க!" என்றார் அகராதி. "மகாராணியும் வந்துட்டாங்க. ஆமாஞ்சாமி, இந்த வருஷமும் கைய விரிக்கப் போறீங்களா?"

"ஆமா, ஆமா," என்றார் மச்சான், பிறகு அவர் உதட்டைக் கவனித்து, "இல்ல, இல்ல. நான்தான் முதல்ல," என்று தாள்களை எடுத்துக்கொண்டு நின்றார்.

மச்சான் நன்றாகவே பேசினார். "கழுதை என்று இகழாதீர்கள்" என்று எழுதி வந்ததை வாசித்துத் தொடங்கியவர், இரண்டாம் பக்கத்தில் தாளை மறந்துவிட்டார். "இவங்களுக்கு அவசரமே கிடையாது. ஒரு அடி அடிச்சிட்டு அடுத்த அடி விழறதுக்குள்ள நாம ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். பாடறவன் பெரிய மனுஷன். வெள்ளம் வருதுன்னு சொல்றான், ஆனா ஓடலை. நானும் நிறைய நாள் ஓடிக்கிட்டே இருந்தேன். இவன் கூட உக்காந்துட்டேன்." சோபாக்காரர் கைதட்டினார். அகராதிகூட வாயைத் திறக்காமல் கேட்டார். அது அந்த அறையில் அபூர்வம்.

தட்டை வைக்கும் உரிமை அந்தக் கூட்டத்தில் அகராதிக்கு மட்டும் உண்டு. குழந்தையின் கையிலும் ஒரே குத்தில் நரம்பைக் கண்டுபிடிக்கிற கை அது, ஊசி நடுங்காது. அவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கோடுகள் அகலமாக விழுந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்துக்கு ஒரே பாட்டு என்பதைப் பார்த்தார். பல்லவர் பாதி எழுவதற்குள், இது வேகமாக ஓட வேண்டிய தட்டு என்று எந்தச் சந்தேகமும் இல்லாமல் குமிழைத் திருப்பிவிட்டு ஊசியை இறக்கினார்.

பத்தொன்பது வயதுப் பெண் கதவை உதைத்துக்கொண்டு நுழைந்தாள்.

"அடேயப்பா!" என்று சோபாவிலேயே துள்ளினார் சோபாக்காரர். "பொண்ணுய்யா! பெரிய மனுஷன்னியே?"

"என்ன குரல்! இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இதை?" அகராதி சிரித்துக்கொண்டே கத்தினார். "டீ குடிக்க எங்க நேரம்? கோப்பையே பறந்துடும் போலிருக்கே!"

இருவரும் மகிழ்ந்து சிரித்தார்கள். மச்சானுக்கு அந்த மகிழ்ச்சி கேட்கவில்லை. சிரிப்பது தெரிந்தது, தம் பாதத்துக்கடியில் தாளம் எங்கோ அவசரமாக ஓடுவது தெரிந்தது, குரல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஆமா, ஆமா," என்றார். பிறகு மூன்று தாள்களையும் ஒன்றாக மடித்தார். இன்னொரு முறை மடித்தார். சட்டைப் பைக்குள் வைத்தார்.

பல்லவரால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. போய் ஊசியைத் தாமே தூக்கினார். அகராதியின் உரிமையில் கைவைத்தது அதுவே முதல் முறை.

"தப்பு என்னுது," என்றார். "மச்சான் பேசினதுல ஒரு தப்பும் இல்ல. நான் வீட்டுல வேகத்தை மாத்தாம போட்டுக் காட்டிட்டேன். அவர் கேட்டது அதை. வியாழக்கிழமையே பாடினவங்க எழுதிட்டாங்க. நான் மறைச்சிட்டேன்."

கடிதத்தை மச்சானிடம் நீட்டினார். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, கடைசி வரை படித்தார். கொட்டகை என்ற இடத்தில் ஒருமுறை நின்றார்.

"மூணு நாளா பையில வெச்சிருந்தியா?"

"ஆமா மச்சான்."

"பஸ்ல பக்கத்துல உக்காந்து சன்னலைப் பாத்துக்கிட்டே வந்தே."

"ஆமா."

"நான் பேசாம போயிடுவேன்னு பயந்தியா? இல்ல எனக்கு இது கேக்காதுன்னு பயந்தியா?"

பல்லவரின் மனைவிதான் பதில் சொன்னாள், அண்ணனுக்கு நேரே வந்து நின்று, உதடு தெரிய: "ரெண்டும்தாண்ணா."

"என்ன கேக்காது?" என்றார் அகராதி.

மச்சான் கண்ணாடியைக் கழற்றினார். "காது. நாலஞ்சு வருஷமா மேல் சத்தம் ஒண்ணுமே கேக்கறதில்ல எனக்கு. நீங்க இப்பப் போட்டதுல மேளம் கேட்டுது. மிச்சமெல்லாம் மழை மாதிரி இருக்கு."

அகராதி வாயைப் பிளந்தார். "நான் ஒரு நர்ஸ்! நாலு வருஷமா என் எதிர்லயே உக்காந்திருக்கீங்க!"

"எதிர்ல உக்காந்தாத்தானே உதடு தெரியும்?"

"இருங்க, இருங்க," என்று சோபாக்காரர் குறுக்கே வந்தார். "போன வருஷம் நான் கொண்டுவந்த குழுவுக்கு நீ ஓட்டுப் போட்டியே?"

"நீ கேட்டே, ஆமான்னேன். அவங்க கேட்டாங்க, ஆமான்னேன்."

"அதான் ஓட்டு ஒண்ணு கூடுதலா வந்துச்சா! நான் இவங்களைச் சந்தேகப்பட்டு ஒரு மாசம் பேசல!"

"அந்த ஒரு மாசம் நிம்மதியா இருந்தேன்," என்றார் அகராதி.

சிரிப்பு எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் இம்முறை மச்சானும் அதில் இருந்தார். தோல் சோபாவில் அவரை நடுவே உட்காரவைத்தார்கள். "பிஸ்கட் தூள் கொட்டினா பரவாயில்ல, அழாம இருந்தா போதும், தோலுக்கு உப்பு ஆகாது," என்றார் சோபாக்காரர். மச்சான் பையிலிருந்து தாள்களை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார்.

"எனக்கு மூணாவது பக்கம் பாக்கி இருக்கு. முதல்ல அதை மெதுவா போடுங்க."

அகராதி குமிழின் மேல் கையை வைத்துத் தயங்கினார். தப்பான வேகத்தில் ஒரு தட்டைத் தெரிந்தே போடுவது அவருக்கு, தப்பான மருந்தைத் தெரிந்தே ஏற்றுவது போல. "பாடினவங்களே ஆறு நிமிஷம்னு எழுதியிருக்காங்க," என்று முணுமுணுத்தார். பிறகு திருப்பினார்.

கரடி கிணற்றுக்குள்ளிருந்து பேசியது. பாறை நகர்ந்தது. சோபாக்காரர் முதல் நிமிடத்தில் கொட்டாவி விட்டார். இரண்டாவது நிமிடத்தில் முன்னால் சாய்ந்தார். அகராதி கைகளைக் கட்டிக்கொண்டு, குற்றம் கண்டுபிடிக்க வந்த அதிகாரியைப் போல நின்றார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் ஒரு நொடி முன்னதாகவே எடுத்துக் கொடுத்தார்: "இப்போ பாலம்... இப்போ விளக்கு... இங்க பாருங்க, இங்க மூச்சு வாங்கறா." வேகமான பாட்டில் யாருக்கும் கேட்காத மூச்சு அது, இங்கே எல்லோருக்கும் கேட்டது. அகராதி கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு, ஒரு ஸ்பிரிங் குத்தும் இருக்கையில் குத்துவதைக்கூடக் கவனியாமல் உட்கார்ந்தார்.

பாட்டு முடிந்ததும் மச்சான் மூன்றாம் பக்கத்தை வாசித்தார். அதில், 'பாடுகிறவன்' என்று எழுதியிருந்த இடங்களிலெல்லாம் நின்று நின்று 'பாடுகிறவள்' என்று திருத்திக்கொண்டே போனார். மற்றபடி ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பல்லவரின் டின் பிஷப்பும் ஒலித்தது. தும்மலை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்கள். அதை மெது வேகத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஆர்கன்காரர் யானையைப் போலத் தும்மினார். இன்னும் நான்கு சிறிய தட்டுகளை அப்படிப் போட்டதில் இரண்டு கேட்கச் சகிக்கவில்லை, ஒன்று பரவாயில்லை, ஒன்றுக்கு மச்சான் காலை ஆட்டினார். ஓட்டெடுப்பு என்ற ஒன்று அன்று நடக்க வேண்டியிருந்தது என்பதே யாருக்கும் நினைவு வரவில்லை.

வெளியே கிளம்புகையில் அகராதி மச்சானை வாசலில் மறித்தார். அவருக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை காலையில பத்து மணி. எங்க ஆஸ்பத்திரி, காது பிரிவு. அந்தப் பழைய கருவியையும் எடுத்துட்டு வாங்க. பாட்டுக்குத் தனியா அதுல மாத்தி வைக்க முடியுதான்னு பாப்பாங்க. நான் கூட இருப்பேன். ஆமான்னு சொல்லிட்டு வராம இருந்தா வீட்டுக்கே வருவேன்."

"அங்க என்ன செய்வாங்க?"

"ஒரு பெட்டிக்குள்ள உக்கார வெச்சு, ரெண்டு காதுலயும் மாட்டி, ஒரே ஒரு சத்தத்தைச் சின்னதா, பெருசா, மேலயும் கீழயும் விட்டுவிட்டுப் போடுவாங்க. கேட்டா கையைத் தூக்கணும்."

"எந்தக் குழு?" என்று கேட்டார் மச்சான்.